அம்மா கெயார் ஹோமில், வெளியே தொற்று: இங்கிலாந்தில் பிள்ளைகள் கேட்க வேண்டியவை

இங்கிலாந்தில் ஒரு கெயார் ஹோமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், இரவு வேலை செய்கிறேன். கோவிட் பரவிய 2020 ஏப்ரலில் ஓர் இரவு, அலுவலக மேசையில் ஒரு கட்டுக் கடதாசி கிடந்தது. எங்கள் மாடியில் இருந்த 14 பேருக்கும், ‘இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம்’ என்ற படிவம். எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து, ஒரே காரணம்: வயது, பலவீனம். அவர்களில் ஒருவர் முதல் நாள்தான் என்னைச் சீட்டாட்டத்தில் தோற்கடித்திருந்தார். நான் வாய் திறக்காமல் அவற்றை ஃபைல்களில் செருகினேன். பிறகு அவரிடம் சொன்னபோது, “எனக்கும் அது வேண்டாம்தான். ஆனால் என்னிடம் கேட்டிருக்கலாமே” என்றார்.

டிஎன்ஏசிபிஆர் என்பது அந்தப் படிவம்தான். சில இடங்களில் ரெஸ்பெக்ட் என்ற ஊதா நிறத் தாளில் இருக்கும். உங்கள் அம்மாவின் ஃபைலில் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். இருந்தால் யாரிடம் பேசினார்கள், எப்போது, என்ன காரணம் என்று பாருங்கள். ‘டிமென்ஷியா’ (மறதி நோய்), ‘88 வயது’ என்று மட்டும் எழுதியிருந்தால் திரும்பப் பார்க்கும்படி ஜிபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) சொல்லுங்கள். நோயாளியிடம் பேசியே இதை எழுத வேண்டும், பேசாமல் விடுவதற்கு வலுவான காரணம் வேண்டும் என்று 2014இல் ட்ரேசி வழக்கில் அப்பீல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவரால் முடிவெடுக்க ஏலாவிட்டால் இயன்றவரை குடும்பத்தைக் கேட்க வேண்டும். அது 2015 வின்ஸ்பியர் வழக்கு.

ஆனால் தாளைக் கண்டதும் கிழிக்கச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். 90 வயது நெஞ்சை அமுக்கினால் விலா எலும்பு முறியும், பெரும்பாலும் உயிர் திரும்பாது. முடிவு சரியாகவே இருக்கலாம். டிஎன்ஏசிபிஆர் முடிவு இதயம் நின்ற பிறகுக்கு மட்டும்தான். ஆன்டிபயாட்டிக் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆம்புலன்ஸ் கூப்பிடத் தயங்கும் ஊழியரிடம் இதைச் சொல்லுங்கள்.

எங்கள் தமிழ் ஆட்கள் வழக்கமாகத் தவறவிடுவது இன்னொன்று. ‘நான் மூத்த மகன், நான்தான் முடிவெடுப்பேன்’ என்பது இங்கே எடுபடாது. மகன், மகள், கணவன் எவருக்கும் அந்த அதிகாரம் தானாக வராது. அம்மா தெளிவாக இருக்கும்போதே உடல்நலத்துக்கான லாஸ்டிங் பவர் ஒஃப் அட்டர்னி, அதாவது தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம், எழுதிப் பதிய வேண்டும். உயிர்காக்கும் சிகிச்சைக்கு அதில் தனிப் பகுதி உண்டு. அதையும் வாசித்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள். காசு விஷயத்துக்கான பத்திரம் வேறு, அதைக் காட்டிப் பயனில்லை. மறதி முற்றிவிட்டால் எழுத முடியாது. அப்போதும் உங்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது முடிவெடுக்கும் திறன் பற்றிய 2005ஆம் ஆண்டு மென்டல் கபாசிட்டி சட்டத்தின் 4ஆம் பிரிவு.

அதே சட்டப்படி, ஒருவரை ‘முடிவெடுக்க இயலாதவர்’ என்று எழுதுமுன் அவருக்குப் புரியவைக்க இயன்ற உதவி எல்லாம் செய்ய வேண்டும். எங்கள் ஹோமில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தார். மறதியில் ஆங்கிலம் முழுதாகப் போய்விட்டது. ‘பதில் இல்லை’ என்று பகல் நோட்டில் மூன்று நாளாக எழுதியிருந்தார்கள். நான் கட்டிலடியில் குந்தியிருந்து, மாஸ்க்குக்குள்ளால், “எங்கையம்மா நோகுது?” என்றேன். நெஞ்சைத் தொட்டு, “மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு பிள்ளை, ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார். மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், போனிலாவது. பேரப்பிள்ளையை வைத்துச் சமாளிக்க விடாதீர்கள்.

தொற்று என்றால் தனிமைப்படுத்துவார்கள், சரி. ஆனால் நடமாடும் ஒருவரை அறையில் பூட்டுவது அவருடைய சுதந்திரத்தைப் பறிப்பது. உரிய அனுமதி இருக்கிறதா, பூட்டுவதற்கு முன் வேறென்ன செய்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். இரவெல்லாம் நடக்கும் ஒருவருக்கு நாங்கள் நடைபாதையின் ஒரு முனையைத் திரை போட்டு ஒதுக்கிக் கொடுத்தோம். அவர் பாட்டுக்கு அங்கே நடந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வருபவரை எங்கே வைப்பீர்கள் என்று கேட்கவும் கூச வேண்டாம். 2020இல் பரிசோதனை இல்லாமல் ஹோம்களுக்கு ஆட்களை அனுப்பினார்கள். அறிகுறி இல்லாதவரும் பரப்பலாம் என்ற அபாயத்தைக் கவனிக்காமல் அரசு வழிகாட்டல் கொடுத்தது சட்டவிரோதம் என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சந்திப்பு மறுக்கப்பட்டால்: பார்வையாளர் பற்றிய சட்ட விதியான 9ஏ, 2024 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ளது. விதிவிலக்கான சூழ்நிலை இல்லாமல் பார்வையாளரைத் தடுக்கக் கூடாது. ‘யாருக்கும் அனுமதியில்லை’ என்று சொன்னால், உங்கள் அம்மாவுக்கென்று எடுத்த முடிவையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

முறைப்பாடு முதலில் மனேஜருக்கு, அப்புறம் முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் சோஷியல் கெயார் ஓம்புட்ஸ்மனுக்கு. சொந்தக் காசில் இருப்பவர்களும் போகலாம். ஹோம்களைக் கண்காணிக்கும் அமைப்பான சிக்யூசி தனி வழக்கைத் தீர்க்காது, ஆனாலும் அறிவியுங்கள். ஆளுக்கே ஆபத்து என்றால் கவுன்சிலின் சேஃப்கார்டிங் (பாதுகாப்பு) பிரிவுக்கு அன்றே போன் செய்யுங்கள். இரவு ஊழியரிடம் கத்தாதீர்கள், விதியை மாற்றும் அதிகாரம் எங்களிடம் இல்லை. நீங்கள் சொன்னதை நோட்டில் எழுதச் சொன்னால் எழுதுவோம். நேரத்தையும் போடச் சொல்லுங்கள்.