தொடை இடுக்கில் அரிப்பா? டியூப் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

போன வருஷம் சித்திரை வெயிலில் ஆரம்பித்த அரிப்பு ஐப்பசி வரைக்கும் என்னை விடவில்லை. அதில் ஐந்து மாதம் தப்பான டியூபைத் தடவிக்கொண்டிருந்தேன். வீட்டில் சொல்லக் கூச்சம், மெடிக்கல் ஷாப்பில் நாலு பேர் நிற்கும்போது வாய் வராது, அதனால் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று பொதுவாகக் கேட்டு வாங்கி வந்துவிடுகிறோம். அரிப்புக்குக் காரணம் ஒன்றல்ல, காரணத்துக்குக் காரணம் மருந்து வேறு.

முதலில் பாருங்கள்

குளித்து, நன்றாகத் துடைத்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு கைக்கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். செல்போனில் படம் எடுப்பதைவிடக் கண்ணாடியே நல்லது, படத்தில் நிறம் மாறிவிடுகிறது. நம் தோல் நிறத்துக்கு எல்லாம் சிவப்பாகத் தெரியாது, கருத்தோ பழுப்பாகவோ இருக்கும்.

ஓரம் வரப்பு மாதிரி தடித்து, அதில் பொடிப்பொடியாகச் செதில் நின்று, நடுப்பகுதி ஆறினது போல இருந்து, வளைந்து தொடைப் பக்கம் நகர்ந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. சில ஊர்களில் வண்டுகடி என்பார்கள். பூஞ்சைதான் காரணம். இது ஆண்களுக்கு விதைப்பையை அநேகமாகத் தொடாது. விதைப்பையும் சேர்ந்து சிவந்து, மடிப்பின் ஆழத்தில் ஈரமாக, சுற்றிலும் சின்னச் சின்னப் பருக்கள் தனித்தனியே தெரிந்தால் கேண்டிடா என்ற வேறு வகைப் பூஞ்சையாக இருக்கலாம். அப்படியானால் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள்.

தடித்த ஓரம் இல்லாமல் பழுப்பாக, அரிப்பும் குறைவாக இருந்தால் அது பாக்டீரியாவாக இருக்கலாம். தோல் டாக்டர் ஒரு ஊதா விளக்கைப் பிடித்தால் அந்த இடம் பவள நிறத்தில் ஒளிரும். அரிப்பைவிட எரிச்சல் அதிகம், நடந்தால் வலிக்கிறது என்றால் வெறும் வியர்வையும் உராய்வும்தான் காரணமாக இருக்கும். ஜட்டியின் எலாஸ்டிக் படும் கோட்டில் மட்டும் இருந்தால் ஒவ்வாமை. புது சோப்புத்தூள், முடி நீக்கும் கிரீம், குளிக்கிற தண்ணீரில் ஊற்றும் கிருமிநாசினி, இதில் எதை சமீபத்தில் மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். செதிலே இல்லாமல் பளபளவென்று சிவந்து, உச்சந்தலையிலோ முழங்கையிலோ வேறு திட்டுகளும் இருந்தால் சோரியாசிஸையும் நினைக்க வேண்டும்.

ராத்திரி படுத்ததும் அரிப்பு தாங்கவில்லை, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் பக்கமும் அரிக்கிறது, வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார் என்றால் அது சிரங்கு. இதற்குப் பூஞ்சை மருந்து ஒன்றும் செய்யாது.

அப்புறம் காலைப் பாருங்கள்

கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தால், ஜட்டியைக் காலில் நுழைத்து ஏற்றும்போது அந்தப் பூஞ்சையையும் சேர்த்து மேலே ஏற்றுகிறீர்கள். அதையும் சேர்த்துத்தான் குணமாக்க வேண்டும். அதுவரை சாக்ஸை முதலில் போடுங்கள், பிறகு ஜட்டி.

டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

நான் வழுக்கியது இங்கேதான். கடையில் கொடுத்த கிரீமைத் தடவிய மூன்றாம் நாளே அரிப்பு போய்விட்டது. நிறுத்தினேன். பத்து நாளில் திரும்ப வந்தது, முன்பு உள்ளங்கை அளவு இருந்தது இப்போது தொடையின் பின்பக்கம் வரைக்கும். மறுபடி தடவினேன், மறுபடி போனது, மறுபடி வந்தது. அந்த டியூபில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருந்தன. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடுகிறது, அடியில் பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. தொடை இடுக்குத் தோல் மெல்லியது, மருந்தை அதிகமாக உறிஞ்சும். பிள்ளை பெற்ற வயிற்றில் விழுமே, அதே மாதிரிக் கோடுகள் என் உள்தொடையில் விழுந்தன. படர்தாமரை போய்விட்டது, கோடுகள் இன்னும் இருக்கின்றன.

அதனால் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், கிளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு, டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். 2018-லேயே மத்திய அரசு ஸ்டீராய்டு கிரீம்களை ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்துவிட்டது, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பூஞ்சை என்று உறுதியானால் ஒரே மருந்து மட்டும் உள்ள டியூபைத்தான் நான் வாங்குவேன்: கிளோட்ரிமசோல், லுலிகோனசோல் மாதிரி.

என் டாக்டர் மருந்து எழுதும் முன் ஒரு மழுங்கின பிளேடால் ஓரத்துச் செதிலைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வலியே இல்லை. நூல் நூலாகப் பூஞ்சை தெரிந்தது. ஸ்டீராய்டு தடவியவர்களுக்குத் திட்டின் உருவமே மாறிப்போவதால் இந்தச் சோதனையை நீங்களாகவே கேளுங்கள், பழைய டியூபையும் கையோடு கொண்டுபோங்கள்.

தடவும் முறை

ஒற்றித் துடைத்து, பத்து நிமிஷம் காற்றாட விட்டுவிட்டுத் தடவுங்கள். ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை மெல்லிசாகப் போட வேண்டும். தோல் சரியானதாகத் தெரிந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் தொடருங்கள், எனக்கு இரண்டு வாரம் கூடுதலாகச் சொன்னார். துண்டு தனி. ஜட்டியை உள்பக்கம் வெளியே திருப்பி வெயிலில் காயப்போட்டு, இஸ்திரியும் போடுங்கள். இறுக்கமான ஜீன்ஸை ஒதுக்கிவிட்டு, ராத்திரி லுங்கியோ நைட்டியோ போதும். எலுமிச்சம்பழம், உப்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், தோல் வெந்துபோகும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவர் கிளோட்ரிமசோல் என்று நினைத்து கிளோபெட்டசாலை வாங்கிவிட்டார். இரண்டும் "கிளோ"வில் ஆரம்பிக்கின்றன, முதலாவது பூஞ்சை மருந்து, இரண்டாவது மிகக் கடுமையான ஸ்டீராய்டு. முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

சிரங்கு என்று டாக்டர் சொன்ன ஒரு தோழி, அரித்த இடத்தில் மட்டும் பெர்மெத்ரின் என்ற சிரங்கு மருந்தைத் தடவிக் குணமாகவில்லை என்றார். 5 சதவீத பெர்மெத்ரினைப் பெரியவர்கள் ராத்திரி கழுத்திலிருந்து பாதம் வரை தடவி, காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் செய்ய வேண்டும், அரிப்பே இல்லாதவர்களும்தான். அதன் பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம், பயப்பட வேண்டாம்.

பெண்கள் பலர் கேட்டார்கள்: நாப்கின் வைக்கும் நாட்களில் மட்டும் அரித்தால் அது நாப்கின் ஒவ்வாமையாக இருக்கலாம், பிராண்டை மாற்றிப் பாருங்கள். தயிர் திரிந்தது போல வெள்ளைப்படுதல் இருந்தால் மகப்பேறு டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் சோதனை செய்துகொண்டிருக்க வேண்டாம். சீழ், காய்ச்சல், புண், வேகமாகப் பரவும் வலி, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள். அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவில் இந்த அரிப்போடு தினமும் ஆட்கள் வருகிறார்கள், அங்கே உங்களை யாரும் வித்தியாசமாகப் பார்க்கப்போவதில்லை.