நீலகிரியில் வாடகை வீடு: முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

உதகையிலோ குன்னூரிலோ வேலை கிடைத்து மலையேறுபவர்களில் பலர் ஏப்ரல், மே மாதங்களில் வீடு தேடத் தொடங்குகிறார்கள். பள்ளி திறப்பதற்குள் குடியேறிவிட வேண்டும் என்ற அவசரம் நியாயமானதுதான். ஆனால் அந்த இரண்டு மாதங்களும் சீசன் காலம். நாள் வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்பதை மனத்தில் வைத்தே உரிமையாளர்கள் பலர் மாத வாடகையைச் சொல்கிறார்கள். அதோடு, வெயிலில் காய்ந்த சுவரும் புதிதாக அடித்த வண்ணமும் வீட்டின் உண்மையான நிலையை மறைத்துவிடும். முடிந்தால் தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு, ஜூலையிலோ ஆகஸ்ட்டிலோ வீடு பாருங்கள். உடனே வந்தாக வேண்டும் என்றால், ஓரிரு மாதங்களுக்கு ஓர் அறையை எடுத்துத் தங்கிக்கொண்டு பொறுமையாகத் தேடுவது நல்லது.

இதை நான் பட்டு அறிந்தேன். ஒரு மார்ச் மாதத்தில், குன்னூர்ப் பக்கம், பள்ளத்தாக்கைப் பார்த்த சன்னல்களோடு குறைந்த வாடகைக்கு ஒரு வீடு அமைந்தது. அதன் பின்சுவர் மலையை வெட்டி அதையொட்டியே எழுப்பப்பட்டிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. ஜூலை பிறந்ததும் அந்தச் சுவரில் ஓதம் ஏறியது. அலமாரியிலிருந்த காலணிகள் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்தன. கம்பளி எத்தனை நாள் கொடியில் தொங்கினாலும் காயவில்லை. மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எட்டாவது மாதம் காலி செய்தபோது, சுவரில் படிந்த கறைக்கு வண்ணம் அடிக்க வேண்டும் என்று என் முன்பணத்திலேயே பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவே வீடு பார்க்கச் சென்றால் முதலில் பின்சுவருக்குச் செல்லுங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உள்ளங்கையை வைத்து, ஒரு நிமிடம் அப்படியே இருந்து பாருங்கள். மற்றச் சுவர்களைவிட அது சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் நீர் கசிகிறது என்று பொருள். சுவரின் அடிப்பகுதியில் மட்டும் புது வண்ணம் இருந்தாலோ, உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி உதிர்ந்தாலோ கூடுதல் கவனம் தேவை. மூடிக் கிடக்கும் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்; வண்ணம் அடித்து மறைக்க முடியாத வாசனை அது. பிறகு வீட்டைச் சுற்றி வந்து, மேலேயுள்ள தடுப்புச் சுவரில் நீர் வெளியேறத் துளைகள் உள்ளனவா, மழைநீர் வடிகால் எங்கே போகிறது என்று பாருங்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையின் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த மழையில் இந்தச் சரிவு எப்படி இருந்தது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

வெயிலும் வாடகையின் ஒரு பகுதியே. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்கே மேடு மறைக்கும் வீட்டுக்கு நண்பகலில்கூடச் சரியாக வெயில் வராது. குளிர்ந்த காற்று தாழ்வான இடங்களில் தேங்குவதால், உதகைப் பக்கமுள்ள தலைகுந்தா, காந்தல் போன்ற பகுதிகளில் உறைபனி வெள்ளையாகப் படர்கிறது. வெயில் இல்லாத வீட்டில் ஹீட்டர்தான் கதி. 1,000 வாட் ஹீட்டரை நாளுக்கு நான்கு மணி நேரம் போட்டால் 4 யூனிட், இரண்டு மாதத்தில் 240 யூனிட். 2,000 வாட் கீசரை அரை மணி நேரம் போட்டால் நாளுக்கு இன்னும் 1 யூனிட். வீட்டு மின் இணைப்புக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், ஒரே இணைப்பில் துணை மீட்டர் வைத்து இரண்டு மூன்று குடும்பங்களுக்குப் பிரித்துவிட்டால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வந்து சேராது. தனி இணைப்பா என்பதை முதலிலேயே கேளுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, "குழாய் இருக்கிறதா" என்று கேட்பதில் பயனில்லை. "ஏப்ரலில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, தொட்டி எத்தனை லிட்டர், லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது" என்று கேட்க வேண்டும். உதகைக்குப் பார்சன்ஸ் வேலி நீர்த்தேக்கமும் குன்னூருக்கு ரேலியா அணையும் முக்கிய ஆதாரங்கள். கோடையில் இரண்டு ஊர்களிலும் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். சாலையிலிருந்து வீட்டுக்கு எத்தனை படிகள் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். நிறைந்த எரிவாயு உருளை ஏறக்குறைய 30 கிலோ. அதை அறுபது படி சுமந்து வருபவருக்கு ஒவ்வொரு முறையும் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். வயதான பெற்றோர் உடனிருந்தால், மழையில் வழுக்கும் அந்தப் படிகளுக்காகவே நான் வீட்டை வேண்டாம் என்று சொல்வேன்.

உதகை நகருக்குள் வாடகை கட்டுப்படியாகாவிட்டால், குன்னூர் செல்லும் வழியிலுள்ள லவ்டேல், கேத்தி, அருவங்காடு ஆகிய இடங்களில் பாருங்கள். அங்கே பேருந்து வசதி உண்டு; குன்னூரை நோக்கி இறங்க இறங்கக் குளிரும் குறையும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை மட்டும் நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள். வீடு காலியாகும் செய்தி புரோக்கருக்கு முன்பே மளிகைக் கடைக்கும் டீக்கடைக்கும் தெரிந்துவிடும். தரகுக் கூலியாக ஒரு மாத வாடகையை இழப்பதைவிட, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தெருத்தெருவாக நடப்பது மேல்.

இனி பணமும் பத்திரமும். நகரப் பகுதிகளில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள, உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் தொடர்பான 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாத வரை, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. வாடகை 8,000 ரூபாய் என்றால் முன்பணம் அதிகபட்சம் 24,000 ரூபாய். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; பதினொரு மாத ஒப்பந்தமானாலும் அதை இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தகராறு வந்தாலும் உரிமையாளர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த முடியாது. மலைக்கே உரிய ஒரு கவனமும் தேவை: ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதற்காக "இரண்டு மாதம் ஒதுங்கிக்கொள்ளுங்கள்" என்று கேட்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஒப்பந்தக் காலம் இடைவெளியின்றி ஏப்ரல், மே மாதங்களையும் உள்ளடக்கியது என்ற வரியைத் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

முன்பணத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். சாவி வாங்கும் நாளில் மீட்டர் அளவையும் ஒவ்வொரு சுவரையும், குறிப்பாகப் பின்சுவரின் அடிப்பகுதியையும் தேதி தெரியப் படமெடுத்து, அன்றே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கறை யாரால் வந்தது என்ற கேள்வி அப்போது எழுந்தால், அந்தப் படங்கள் உங்களுக்காகப் பேசும்.