அப்பெண்டிக்ஸ் சந்தேகமா? ரத்த கவுண்ட்டை இப்படி படிங்க

சர்ஜரி போஸ்டிங்குக்கு புதுசா வந்திருக்கிற ஹவுஸ் சர்ஜன்களுக்காக எழுதுறேன். நைட் டூட்டியில வலது அடிவயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் வர்றார், நீங்க வெள்ளை அணு எண்ணிக்கை (கவுண்ட்) பார்க்க ரத்தம் அனுப்புறீங்க, ரிப்போர்ட் வந்ததும் பிஜிக்கு (மேல்படிப்பு படிக்கிற சீனியர் டாக்டர்) போன் போட்டு "சார், கவுண்ட் 13,000"ங்கிறீங்க. அவர் கேக்குற முதல் கேள்வி "வலி ஆரம்பிச்சு எத்தனை மணி நேரம்?" அதுக்கு பதில் இல்லைன்னா அந்த 13,000-ஐ வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது.

அதனால ஊசியை எடுக்கிறதுக்கு முன்னாடி நேரத்தைக் கேட்டு வாங்குங்க. "எப்ப வலி வந்துச்சு"ன்னு கேட்டா வலி தாங்க முடியாம போன நேரத்தைத்தான் சொல்வாங்க, அதுக்கு முன்னாடி தொப்புளைச் சுத்தி வலிச்சதை சூட்டு வலின்னு நினைச்சு மோரைக் குடிச்சிட்டு படுத்திருப்பாங்க, அது கணக்குலயே வராது. "கடைசியா எப்ப நல்லா சாப்ட்டீங்க, அப்புறம் வயிறு எப்படி இருந்துச்சு"ன்னு கேளுங்க, நேரமும் வந்துடும், பசி செத்துப் போனதும் வந்துடும்.

ரத்தம் ஊதா மூடி ட்யூப்ல, கோடு வரைக்கும், எட்டு பத்து தடவை மெதுவா கவிழ்த்து நிமித்துங்க. உள்ள கட்டி விழுந்துட்டா கவுண்ட் பொய் சொல்லும்.

ரிப்போர்ட்ல மொத்த வெள்ளை அணுவைச் சொல்ற டோட்டல் கவுண்ட், அதுல எந்த வகை எத்தனை சதவீதம்னு சொல்ற டிஃபரென்ஷியல் ரெண்டையும் சேர்த்துதான் பாக்கணும் (சுருக்கி எழுதினா தமிழ்ல ரெண்டுமே டிசி, அதான் முழுசா எழுதுறேன்). அப்பெண்டிக்ஸ் அடைச்சு வீங்க ஆரம்பிச்ச சில மணி நேரத்துலயே எலும்பு மஜ்ஜை நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணுவை வெளிய தள்ளும், உடம்போட ஸ்ட்ரெஸ்ல லிம்ஃபோசைட்ங்கிற இன்னொரு வகை இறங்கும். சிஆர்பி (அழற்சி வந்தா ரத்தத்துல ஏறுற புரதம்) மெதுவா கிளம்புற ஆளு, 6-லேருந்து 12 மணி நேரம் ஆகும் ஏறுறதுக்கே. ஆக சீக்கிரமா வந்த கேஸ்ல செல் கவுண்ட் முன்னாடி பேசும், ஒரு நாள் கழிச்சு வந்தவங்களுக்கு சிஆர்பியையும் கேளுங்க.

இப்ப ஒரு கணக்கு போடலாம். 22 வயசு பையன், ராத்திரி 11 மணிக்கு தொப்புள்கிட்ட வலி, விடியக்காலைல வலது பக்கம் கீழ இறங்கிடுச்சு, சாப்பாடு பிடிக்கல, வாந்தி இல்ல, காய்ச்சல் இல்ல, அமுக்கினா வலி, கையை எடுத்தா இன்னும் வலி. அப்பெண்டிசைடிஸ் (அப்பெண்டிக்ஸ் அழற்சி) இருக்கான்னு மார்க் போட 1986-ல வந்த அல்வராடோ ஸ்கோர்ல வலி இடம் மாறினதுக்கு 1, பசியின்மைக்கு 1, அமுக்கினா வலிக்கு 2, ரீபவுண்டுக்கு (கையை எடுத்தா வர்ற வலி) 1, ஆக ரத்தம் பாக்காமலே 5. ரிப்போர்ட்ல டோட்டல் 13,800, நியூட்ரோஃபில் 84 சதவீதம், லிம்ஃபோசைட் 11 சதவீதம். 10,000-ஐத் தாண்டினதுக்கு 2, நியூட்ரோஃபில் 75 சதவீதத்தைத் தாண்டினதுக்கு 1, மொத்தம் 8. பத்துல மூணு மார்க்தான் ரத்தத்துக்கு, மீதி ஏழும் நீங்க கேட்டதும் தொட்டதும். 7-ஓ அதுக்கு மேலயோ வந்தா சர்ஜனைக் கூப்பிடுங்க, 5, 6 வந்தா ஸ்கேன், அப்சர்வேஷன்.

அதே ரிப்போர்ட்ல 84-ஐ 11-ஆல வகுத்தா 7.6. இதுதான் நியூட்ரோஃபில் லிம்ஃபோசைட் ரேஷியோ, தனியா காசு கட்ட வேண்டாம், போன் கால்குலேட்டர் போதும். 4.7-ஐத் தாண்டினா அப்பெண்டிசைடிஸ் பக்கம் சாயுது, 8.8-ஐத் தாண்டினா அழுகினதோ ஓட்டை விழுந்ததோ இருக்கலாம்னு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து ஒரு கட்-ஆஃப் சொல்றாங்க. நான் இதை சந்தேகத்தைக் கூட்டத்தான் வெச்சுக்குவேன், குறைக்க இல்ல. ரேஷியோ 3-ன்னு வயிறு இறுகிக் கிடக்கிற ஆளை யாராவது வீட்டுக்கு அனுப்புவாங்களா?

ஏமாத்துற இடங்களும் இருக்கு. கர்ப்பிணிக்கு நோய் இல்லாமலே 15,000 வரைக்கும் போகும். வீசிங்குக்கு டெக்ஸா (ஸ்டீராய்டு ஊசி) போட்டுட்டு வந்தவருக்கும் ஏறும், அதனால என்ன ஊசி போட்டாங்கன்னு விசாரிங்க. வயசானவங்க, இம்யூனிட்டி குறைக்கிற மருந்துல இருக்கிறவங்க உள்ள ஓட்டையே விழுந்திருந்தாலும் 9,000-ல நிப்பாங்க, அவங்களுக்கு டோட்டலை விட்டுட்டு நியூட்ரோஃபில் சதவீதத்தைப் பாருங்க, ஸ்மியர்ல (கண்ணாடித் தகட்டுல தடவின ரத்தம்) பேண்ட் செல் (முதிராத நியூட்ரோஃபில்), டாக்ஸிக் கிரானுல்ஸ் (நியூட்ரோஃபிலுக்குள்ள தெரியுற கருத்த துகள்) இருக்கான்னு லேப்ல கேளுங்க. காய்ச்சலோட வயித்து வலி, டோட்டல் 3,000, பிளேட்லெட்டும் கம்மின்னா டெங்குவை நினைக்காம கத்தியைப் பத்திப் பேசாதீங்க. குழந்தை பெத்துக்கிற வயசுல இருக்கிற பொண்ணுன்னா எந்த கவுண்ட்டா இருந்தாலும் முதல்ல யூரின் பிரெக்னன்சி டெஸ்ட்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு காலேஜ் பொண்ணு, வலி வந்து அஞ்சு மணி நேரம்தான், டோட்டல் 8,900. நார்மல்னு நினைச்சு கேஸ் டிரபிள் மாத்திரை எழுதி பேனாவை மூடப் போனேன், பக்கத்துல இருந்த ஸ்டாஃப் அக்கா "படுக்க வைங்க சார், அந்தப் பொண்ணு குனிஞ்சேதான் நடக்குது"ன்னாங்க. எட்டு மணி நேரம் கழிச்சு திரும்ப எடுத்தா 14,600. சந்தேகம் இருந்தா 6-லேருந்து 8 மணி நேரத்துல ரிப்பீட் பண்றது அன்னிலேருந்து எனக்குப் பழக்கம், அதுவரைக்கும் வலி மருந்து குடுக்காம துடிக்க விடவும் மாட்டேன், அதனால நோய் மறைஞ்சிடாது.

கேஸ் ஷீட்ல கவுண்ட்டுக்குப் பக்கத்துல ரத்தம் எடுத்த மணியை எழுதுங்க, ரிப்போர்ட் பிரிண்ட் ஆன மணியை இல்ல. லேப்ல கூட்டமா இருந்தா ரெண்டுக்கும் நடுவுல மூணு மணி நேரம் ஓடிடும்.