கார்பன்டசிம் ஊற்றிய பாத்திக்குத் தொழு உரமே போதும்

கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தின் கரைசல் ஊற்றிய பாத்தியில் அடுத்த பயிர் வைக்கும் முன், நன்றாக மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணில் கிளறிவிட்டு மூடாக்குப் போட்டு, சில வாரங்கள் ஈரம் காயாமல் வைத்திருங்கள். மண்ணைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர் என்று தனியாக விற்கும் பாக்கெட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

இந்த மருந்து வெறும் மண்ணில் பாதியாகக் குறையவே 6 முதல் 12 மாதம் பிடிக்கும். அதைச் சிதைப்பவை பெரும்பாலும் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்கள்தான். சில வகைகள் அதையே உணவாக்கிக்கொள்ளும். அவை பெருக ஈரமும் காற்றும் கரிமச் சத்தும் வேண்டும், அதைத்தான் தொழு உரம் தருகிறது. (டிரைக்கோடெர்மாவை இப்போது போடாதீர்கள். அதுவே ஒரு பூஞ்சை, மருந்து எச்சத்தில் அடிபட்டுப் போகும்.)

தண்ணீர் தேங்கும் பாத்தியில் இது சரிவராது, முதலில் வடிகால் எடுங்கள். போர்டோ கலவை, காப்பர் ஆக்ஸிகுளோரைடு போன்ற தாமிர மருந்து என்றால் இந்த வழி உதவாது. தாமிரம் தனிமம், எந்தப் பாக்டீரியாவாலும் அதை உடைக்க முடியாது. தொழு உரம் அதைக் கொஞ்சம் கட்டிப்போடும், அவ்வளவுதான்.