கோடைப் பெட்ரோல், குளிர்காலப் பெட்ரோல்: அமெரிக்காவில் கார் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் வந்தால் பெட்ரோல் விலை ஏற ஆரம்பிக்கும், உடனே தெருமுனை கேஸ் ஸ்டேஷன்காரரைத் திட்டுவோம். முதலில் அதை விடுங்கள். விலை ஏறுவதற்கான காரணம் சுத்திகரிப்பு ஆலையில் இருக்கிறது.

குளிர்காலத்துக்கான பெட்ரோலில் பியூட்டேன் கூடுதலாகக் கலப்பார்கள். விலை மலிவு, சட்டென்று ஆவியாகும், அதனால் உறைபனியிலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும். அதையே ஜூலை வெயிலில் விற்றால், கிளம்பும் ஆவி வெயிலோடு சேர்ந்து ஓசோன் புகையாகி நம் நுரையீரலுக்குத்தான் வரும். அதனால்தான் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை ஆவியழுத்தம் குறைந்த, அதாவது எளிதில் ஆவியாகாத, பெட்ரோலைத்தான் பங்கில் விற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆலைகளுக்கும், பெட்ரோலைத் தேக்கிவைத்து அனுப்பும் டெர்மினல்களுக்கும் மே 1-லேயே கெடு. பியூட்டேனைக் குறைத்தால் அந்த இடத்தை விலை கூடிய சரக்கால் நிரப்ப வேண்டும், பழைய இருப்பைத் தீர்க்க வேண்டும், ஆலைப் பராமரிப்பும் பெரும்பாலும் இதே சமயத்தில்தான் நடக்கும்.

அதற்காக ஏறுவதையெல்லாம் கோடைக் கலவையின் தலையில் கட்டுவதும் தவறு. நாம் கொடுக்கும் விலையில் பாதியளவு கச்சா எண்ணெய்க்கே போகிறது. ஆனால் சரக்கு தட்டுப்பாடாக இருக்கும்போது கலவையும் பெரிய விஷயம்தான். 2022 செப்டம்பர் கடைசியில் கலிஃபோர்னியாவில் கேலன் 6 டாலரைத் தாண்டியபோது, ஆளுநர் நியூசம் குளிர்காலக் கலவைக்கு முன்கூட்டியே மாறச் சொன்னார், இருப்பைக் கூட்ட அதுதான் கையிலிருந்த வேகமான வழி.

அப்புறம், டிசம்பரில் மைலேஜ் குறைந்ததும் மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள். குளிர்காலக் கலவையில் சக்தி கொஞ்சம் குறைவு, அது 2 சதவீதத்துக்குள்தான். பெரிய அடி குளிரால் வருகிறது: 25 டிகிரி செல்சியஸில் கிடைக்கும் மைலேஜ், மைனஸ் 7 டிகிரியில் நகரத்துக்குள் ஓட்டும்போது சுமார் 15 சதவீதம் குறையும். டயரில் காற்றைப் பாருங்கள், வண்டியை நிறுத்திவைத்துச் சூடேற்றுவதைக் குறையுங்கள்.

குளிர்காலத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேனில் பிடித்துக் கோடைக்கு வைப்பது இதில் மோசமான தவறு. வெயிலில் கேன் உப்பும், மூடியைத் திறந்தால் ஆவி சீறும், பக்கத்தில் ஒரு பொறி போதும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பம்ப் 'கிளிக்' என்று நின்ற பிறகும் அழுத்தி அழுத்தி ஊற்றாதீர்கள். ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோலே இறங்கிவிட்டால் அதை மாற்ற நூற்றுக்கணக்கான டாலர் ஆகலாம்.