மாற்றுக் கட்சிக்காரரோடு உறவு கெடாமல் வாதிடுவது எப்படி?

முடிதிருத்தும் கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று எழுதி மாட்டிய பலகையைப் பார்க்காதவர் தமிழ்நாட்டில் அரிது. கழுத்தருகே கத்தி இருக்கும்போது வாடிக்கையாளர் தலையை ஆட்டி வாதிட்டால் என்ன ஆகும் என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும் என்பதால், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே பலகையை நம்மில் பலர் வீட்டுக்குள்ளும் மாட்டிவிட்டோம். மைத்துனர் ஒரு கட்சி, சித்தப்பா வேறு கட்சி என்றால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று குடும்பம் முடிவு செய்கிறது. அந்த அமைதியை மரியாதை என்று நான் எண்ணவில்லை. பேச்சு நின்ற வீட்டில் ஒருவர் மற்றவரைப் பற்றித் தெரிந்துகொள்வதெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும் கேலிப் படங்கள் வழியாகத்தான். பலகையைக் கழற்ற விரும்புகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கை மனத்தில் இருத்துங்கள். 1967 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. காமராசரே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது என்று இன்றும் எழுதுகிறோம். ஆனால் அத்தேர்தலில் காங்கிரஸ் பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 41 விழுக்காடு. வாக்களித்த பத்துப் பேரில் நால்வர் தோற்ற கட்சியின் பக்கம் நின்றிருக்கிறார்கள். அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் நம் முறையில் தொகுதிகளின் எண்ணிக்கை மக்களின் மனத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ காட்டும் என்பதால், உங்கள் எதிரே அமர்ந்திருப்பவரை ‘ஊரே ஒதுக்கிய கட்சியின் ஆள்’ என்று எண்ணித் தொடங்கினால் தொடக்கமே தவறாகிவிடும்.

அடுத்து, அவருடைய சார்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டறியுங்கள். கொள்கை அறிக்கையைப் படித்துக் கட்சியைத் தேர்ந்தெடுத்தவர்கள் நம்மில் குறைவு. பெரும்பாலும் அது ஒரு நன்றியிலோ காயத்திலோ வேர்விட்டிருக்கும். நான் இதைத் தாமதமாகவே கற்றேன். ஒரு திருமணப் பந்தியில், பக்கத்தில் என் தாய்மாமன் அமர்ந்திருக்க, அவருடைய கட்சியின் இலவசத் திட்டங்களை நான் கேலி செய்து பேசினேன். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு அவர் எழுந்துவிட்டார். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது அவர் தொடக்கப் பள்ளி மாணவர் என்பதையும், அந்த வீட்டில் அப்போது பகலில் அடுப்பு எரிந்ததில்லை என்பதையும் அன்றிரவு அம்மா சொல்லித்தான் அறிந்தேன். திட்டச் செலவைப் பற்றிய என் வாதம் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவர் சாப்பிட்ட சோற்றை அவர் முன்னாலேயே நான் கேலி செய்திருந்தேன். அதன்பின் ‘எந்தக் கட்சி?’ என்று கேட்பதை விட்டு, ‘எந்த வயதில் இந்தக் கட்சி பிடித்தது?’ என்று கேட்கத் தொடங்கினேன். இந்தக் கேள்விக்கு யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பலர் தம் ஊரையும் தந்தையையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

வாதம் என்று வந்துவிட்டால் நம் மரபிலேயே ஒரு நல்ல முறை இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த சிவஞான சித்தியார் என்னும் சைவ சித்தாந்த நூல் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதிகள் கொண்டது. தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்பாக, உலகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் வரை பிறர் கொள்கைகள் ஒவ்வொன்றையும் அவரவர் சொல்லும் விதத்தில் எடுத்துரைத்து, அதன் பிறகே மறுப்பதற்கென்று ஒரு முழுப் பகுதியையே ஆசிரியர் ஒதுக்கியிருக்கிறார். நாமும் அப்படியே செய்யலாம். ‘நீங்கள் சொல்வது இதுதானே?’ என்று அவருடைய வாதத்தை உங்கள் வாயால் சொல்லுங்கள். ‘ஆமாம், அதுதான்’ என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பைத் தொடங்குங்கள். நீட் தேர்வு, மும்மொழி, தொகுதி மறுவரையறை என்று எதை எடுத்துக்கொண்டாலும், எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை மூன்று வாக்கியங்களில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் மறுக்கும் தகுதி இன்னும் வரவில்லை.

எதைத் தாக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்குப் புதிதாக விதி எழுத வேண்டியதில்லை. கேரளத்தில் 1960 சட்டமன்றத் தேர்தலின்போது உருவாகி, பின்னர் நாடு முழுவதும் தேர்தல் ஆணையம் கையாளத் தொடங்கிய தேர்தல் நடத்தை விதிகள், கட்சிகளுக்காகவும் வேட்பாளர்களுக்காகவும் எழுதப்பட்டவை என்றாலும், கூடத்து வாதத்துக்கும் அப்படியே பொருந்துகின்றன. பிற கட்சிகளைப் பற்றிய விமர்சனம் அவற்றின் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றோடு நிற்க வேண்டும். பொதுவாழ்வோடு தொடர்பில்லாத தனிவாழ்வைத் தொடக்கூடாது. சரிபார்க்கப்படாத குற்றச்சாட்டுகளைத் தவிர்க்க வேண்டும் என்கின்றன அவை. அமைதியான இல்வாழ்வுக்கு ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமையை, அவருடைய அரசியல் கருத்து எவ்வளவு பிடிக்காவிட்டாலும், மதிக்க வேண்டும் என்றும் அதிலேயே ஒரு விதி உண்டு. உரிமையாளரின் அனுமதியின்றி அவர் சுவரில் சுவரொட்டி ஒட்டக்கூடாது என்பதும் உண்டு. பேரப்பிள்ளைகளின் படங்களுக்காகத் தொடங்கிய குடும்பக் குழுவில் கட்சி விளம்பரத்தைப் பகிர்வது ஏறக்குறைய அதே செயல்தான். தவறான தகவல் ஒன்றை மாமனார் அங்கே அனுப்பிவிட்டால், எல்லோர் முன்னிலையிலும் திருத்தாமல், தனியாக அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

சொற்களிலும் கவனம் தேவை. ‘சங்கி’, ‘இருநூறு ரூபாய் உபி’ (உடன்பிறப்பு), ‘தற்குறி’ போன்ற பட்டங்கள் இன்று எல்லாத் தரப்பிலும் சரளமாக வீசப்படுகின்றன. இவற்றில் எனக்கு மிகவும் உறுத்துவது கடைசிச் சொல். கையெழுத்துப் போடத் தெரியாமல் கீறலோ கைநாட்டோ வைத்தவரைக் குறித்த சொல் அது. பள்ளிக்கூடம் போக முடியாதுபோன நம் பாட்டிமார்களையும் சேர்த்து இழிவுபடுத்துகிறது. காசு வாங்கிக்கொண்டுதான் ஒருவர் இப்படிப் பேசுகிறார் என்று சொல்வதும் இதே வகையே. அவருக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருக்க முடியாது என்பதே அதன் பொருள். அதைச் சொன்ன பிறகு அவரோடு பேச ஒன்றுமில்லை.

எல்லா வாதங்களும் சமமானவர்களுக்கு இடையே நடப்பதில்லை என்பதை வழிகாட்டிகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. முதலாளி தம் பணியாளரிடமும், வீட்டுக்காரர் குடியிருப்பவரிடமும், மாமியார் புது மருமகளிடமும் ‘யாருக்கு ஓட்டுப் போட்டாய்?’ என்று கேட்பது உரையாடல் போலத் தோன்றினாலும், பதில் சொல்பவருக்கு அது விசாரணைதான். தேர்தல் வழக்கில்கூட, யாருக்கு வாக்களித்தார் என்பதை வெளிப்படுத்துமாறு எந்தச் சாட்சியையும் வற்புறுத்த முடியாது என்கிறது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். நீதிமன்றத்துக்கே இல்லாத அந்த அதிகாரம் சமையலறையில் எவருக்கும் இருக்க முடியாது. உங்கள் கை ஓங்கியிருக்கும் இடத்தில் உங்கள் கருத்தைச் சொல்லலாம். அவருடைய கருத்தைக் கேட்டு வாங்காதீர்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பரப்புரைக்குத் தடை இருப்பதுபோல, வீட்டிலும் அந்த இரண்டு நாள் எவரையும் வற்புறுத்தாமல் இருப்பது நல்லது.

மதிப்பது என்றால் விட்டுக்கொடுப்பது என்று அஞ்சுகிறவர்களுக்கு ராஜாஜியையும் பெரியாரையும் நினைவூட்டலாம். 1938இல் ராஜாஜியின் அரசு பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியபோது அதை எதிர்த்துச் சிறை சென்றவர் பெரியார். 1950களில் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டுக் கடுமையாக எதிர்த்தவர்களில் முன்னின்றவரும் அவரே. இவ்விரண்டுக்கும் இடையில், 1949இல், தம் சொந்த வாழ்வின் முக்கியமான முடிவொன்றுக்கு முன் ஆலோசனை கேட்க அவர் திருவண்ணாமலையில் சந்தித்தது ராஜாஜியைத்தான். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்து அழுதார். அந்த நட்புக்காக இருவரும் தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

இருப்பினும் எல்லையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வரி, மொழி, மதுவிலக்கு, மாநில உரிமை ஆகியவற்றில் எதிர்க்கருத்து கொண்டவரை மதிக்கலாம். ஆனால் சாதியையோ மதத்தையோ சொல்லி இன்னொருவர் மனிதரே அல்லர் என்பவரின் பேச்சுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே குரலை உயர்த்தாமல், ‘இதை நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்’ என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். அந்தப் பேச்சுக்கு இலக்கானவர் அதே அறையில் இருந்தால், உங்கள் மரியாதை முதலில் அவருக்கு உரியது.

கடைசிச் சோதனை வாக்கு எண்ணும் நாளில் வரும். 1967 தேர்தலில் பெரியார் ஆதரித்தது காங்கிரஸை. வென்றதோ அவரிடமிருந்து 1949இல் பிரிந்துபோன அண்ணாவின் தி.மு.க. முதலமைச்சர் பதவி ஏற்பதற்கு முன்பே அண்ணா திருச்சிக்குச் சென்று பெரியாரைச் சந்தித்தார். வென்றவர் தேடிச் செல்ல வேண்டும் என்ற இந்த வரிசை முக்கியமானது. தோற்றவர் முதலில் வந்து பேசுவார் என்று காத்திருப்பது நடக்காது. உங்கள் கட்சி வென்றால் அவர் வீட்டு வாசலில் வெடி வெடிக்காதீர்கள். அன்று மாலை தொலைபேசியில் அழைக்கவும் வேண்டாம், எவ்வளவு பணிவாகப் பேசினாலும் அது கேலியாகவே காதில் விழும். இரண்டு நாள் கழித்து, வழக்கமாகப் போகும் நேரத்தில் போய், வழக்கமாகக் குடிக்கும் காப்பியைக் குடியுங்கள். தேர்தலைப் பற்றிய பேச்சை அவரே எடுக்கட்டும். எடுக்காவிட்டால் அடுத்த முறை போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.