கம்பை மாவாக வாங்காதீர்கள்: தோட்டத்து ஊரில் சிறுதானியம் தேடுவோர் செய்யும் தவறுகள்

தேதி பார்க்காமல் வாங்குவது, கல் பொறுக்காமல் உலையில் போடுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் கம்பு, சாமை, வரகு தேடிப் புதிதாகக் கடையேறுகிறவர்கள் காசைத் தொலைப்பது வேறு இடங்களில்.

கம்பை மாவாக வாங்குவது

பார்க்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சல் தரும் தவறு இது. கேழ்வரகு மாவு வாங்கிப் பழகிய கை, பக்கத்தில் இருக்கும் கம்பு மாவையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல. நூறு கிராம் கேழ்வரகில் கொழுப்பு இரண்டு கிராம்கூட இராது. கம்பில் ஏறக்குறைய ஐந்து கிராம். கம்பு மணி முழுசாக இருக்கும்வரை அதன் எண்ணெயும், எண்ணெயைச் சிதைக்கும் நொதியும் பெரும்பாலும் ஒதுங்கியே கிடக்கும். அரைத்ததும் இரண்டும் கலந்துவிடும். நம் ஊர்ச் சூட்டுக்கு ஒரு வாரத்திலேயே மாவு சிக்கு வாடை அடித்துக் கசக்கத் தொடங்கும்.

தமிழ்நாட்டில் அரைத்து, கப்பலேறி, கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, மொத்த வியாபாரியின் கிடங்கில் கிடந்து, லோரியில் இங்கே வந்து சேரும் பாக்கெட்டுக்கு எத்தனை வாரம் ஆகியிருக்கும்? சின்ன ஊர்க் கடையில் அது தட்டிலேயே இன்னும் சில மாதம் உட்காரும். இந்த மாவில் கூழ் காய்ச்சிவிட்டு, 'கம்புன்னா இப்படித்தான் கசக்கும்போல' என்று மோரை அதிகம் ஊற்றிக் குடிப்பார்கள். பிள்ளைகள் ஒரு வாயோடு எழுந்துவிடும். நல்ல கம்பில் இனிப்புதான் தெரியும். கசப்பு தெரிந்தால் அது கெட்ட மாவு, வறுத்தாலும் திரும்பாது.

முழுக் கம்பு ஒரு கிலோ வாங்குங்கள். ஐந்து லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கம்பைக் கொட்டி, அரை நிமிடம் கிளறி, உடனே வடித்துவிடுங்கள். இந்தச் சூட்டில் நொதி அடங்கும். பிறகு மெல்லியதாகப் பரப்பி, கடித்தால் 'கடுக்'கென்று உடையும்வரை காயவையுங்கள். இங்கே மத்தியானத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது. இரண்டு காலை வெயில் வேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். மில்லில் மிளகாய்த்தூளுக்குப் பிறகு கொடுத்துவிடாதீர்கள், மாவே காரமாகிவிடும். அரிசி அரைத்த கையோடு போடச் சொல்லுங்கள். அரைத்த மாவு ஐஸ்பெட்டியில்தான் இருக்க வேண்டும். பதினைந்து நாள் தேவைக்கு மேல் அரைக்க வேண்டாம்.

கேழ்வரகை மாவாகவே வாங்கலாம்.

மலாய்க் கடையில் 'ராகி' கேட்பது

ஈஸ்ட் கொடுப்பார்கள். மலாயில் ராகி என்றால் அதுதான். தாப்பாய் என்னும் மலாய்ப் பலகாரத்தைப் புளிக்க வைக்கும் வெள்ளை வில்லைக்கும் அதே பெயர்.

தினைக்காக ஈப்போ நகரம் வரை ஓடுவது

சீனர் மளிகைக் கடையில் 'சியாவ் மீ' என்று கேளுங்கள். கஞ்சிக்காக அவர்கள் வாங்கும் மஞ்சள் மணி, உமி நீக்கிய தினையேதான். கூழாகவும் பொங்கலாகவும் நன்றாக வரும். கம்பு, சாமை, குதிரைவாலிக்குத்தான் ஈப்போ லிட்டில் இந்தியா போக வேண்டியிருக்கும்.

வெள்ளைவெளேரென்ற சாமை

தவிடு போனது. மங்கிய பழுப்பை எடுங்கள்.

மலிவென்று மூட்டையாக எடுப்பது

தகரக் கூரை அடுப்படியில் பத்து கிலோ வரகு என்றால் வண்டுக்கு விருந்து. ஐந்து கிலோவை நான்கு வீடு பிரித்துக்கொள்ளுங்கள். வாங்கி வந்ததும் காற்றுப் புகாத பையில் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத முட்டைகளும் செத்துவிடும். வெளியே எடுத்த கையோடு பையைப் பிரிக்கக் கூடாது. குளிர்ந்த தானியத்தில் காற்றின் ஈரம் வேர்த்துப் படியும். ஓர் இரவு அப்படியே கிடக்கட்டும், காலையில் டப்பாவுக்கு மாற்றுங்கள்.